எண்பத்துநாலு வயதுக் கணவரின் புலம்பல்

வருகிற மாதம் முதல் பாட்டு எழுதும் மேசை உங்கள் இருவருடையது. எனக்கு ஆசிரிய நியமனம் வந்துவிட்டது. வயது முப்பத்திரண்டுதான். இருந்தாலும் ஏழு வருடம் இருந்த கதிரையை விட்டு எழும்பும்போது, ஓய்வு பெற்றுப் போகிறவர்களைப் போல எனக்கும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போக மனம் வருகிறது.

எழுத்தைப் பெரிதாக்குவது, படத்தைத் துப்புரவாக்குவது, பக்கத்தை ஒழுங்குபடுத்துவது எல்லாம் ஒரு கிழமையில் உங்கள் கைக்கு வந்துவிடும். நான் சொல்ல வந்தது மேசை லாச்சிக்குள் இருக்கும் நீலக் கோப்பைப் பற்றி.

எங்கள் அச்சகத்தின் வேலையில் முக்கால்வாசி கல்வெட்டுகள்தான். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சடங்குச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகம். முன்பக்கத்தில் படம், பிறகு வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள், அதற்குப் பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், கணவர் புலம்பல், மக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று வீட்டில் உள்ள ஒவ்வொருவர் வாயாலும் ஒரு பாட்டு வரும். அந்த வீட்டில் யாரும் அந்த நாட்களில் உட்கார்ந்து பாட்டு எழுதப்போவதில்லை. அவர்கள் வாய்க்கு நாங்கள் எழுதுகிறோம். இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று எனக்கு முதல் இரண்டு வருடம் தெரியவில்லை.

எனக்கு முன்பு இந்த மேசையில் இருந்தவரை நான் இரண்டு மாதம்தான் கண்டேன். பேச்சுக் குறைந்த மனிதர். போகும்போது நீலக் கோப்பை என்னிடம் தந்தார். அதில் அவர் கையால் எழுதிய புலம்பல்கள் இருந்தன. ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் ஓர் எண் இருந்தது. 62, 39, 77, 71. வரிசையில் இல்லாத பக்க எண்கள் என்று நினைத்தேன். அவற்றை அழிறப்பரால் அழித்துத் துப்புரவாக்கிவிட்டு, கோப்பை அப்படியே கட்டி லாச்சிக்குள் போட்டேன்.

ஏனென்றால் அவருடைய பாட்டுகள் எனக்குப் போதவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை கண்டவள் நான்தான். அதற்கு அப்பால் பல்கலைக்கழகத்துக்கும் போனவள். அம்மா இன்றைக்கும் கைநாட்டு. எனக்கு வெண்பா தெரியும், விருத்தம் தெரியும், தளை தட்டினால் காதிலேயே தெரிந்துவிடும். ஆகவே எல்லாப் புலம்பல்களையும் நானே புதிதாக எழுதிக் கணினியில் ஏற்றினேன். பெயர் வருகிற இடத்தில் மட்டும் வெற்றிடம். யார் வந்தாலும் வெற்றிடத்தை நிரப்பினால் போதும். முதலாளி அண்ணைக்கு அது நல்லாகப் பிடித்தது. ஒரு கல்வெட்டு அரை நாளில் முடிந்தது.

ஒரு மாரி காலம். எங்கள் அச்சகம் இருக்கும் நெல்லியடியில் இருந்து மூன்று மைல் தள்ளிய ஒரு கிராமத்தில் எண்பது வயது அம்மா ஒருவர் இறந்தார். வெங்காயத் தோட்டம் செய்த குடும்பம். மகன் கனடாவில் இருந்து வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பதினாலாம் நாள் வந்து படத்தையும் பெயர்களையும் தந்தார்.

“தங்கச்சி, எனக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் வழக்கமாச் செய்யிற மாதிரிச் செய்து தாங்கோ. முப்பத்தஞ்சாம் நாள் எனக்குப் பிளைட்.”

நான் வழக்கமாகச் செய்கிற மாதிரியே செய்தேன். அச்சுக்கு முன் பார்க்கும் புறூஃபைத் தாளில் எடுத்து அவருடைய வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். ‘நல்லாயிருக்கு, அடியுங்கோ’ என்று பதில் வந்தது.

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம் மழை விட்டிருந்த நேரம், அச்சக வாசலில் ஒரு பழைய சைக்கிள் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவரைக் கண்டு முதலாளி அண்ணையே கதிரையை விட்டு எழும்பினார். எண்பதைத் தாண்டிய மனிதர். வேட்டியை மடித்துக் கட்டி, மடிக்குள் இருந்து ஒரு கடதாசியை எடுத்து என் மேசையில் விரித்தார். என்னுடைய புறூஃப்.

“உதை எழுதினது ஆர்?”

“நான்தான் ஐயா” என்றேன். பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

“‘இடைவழியில் எனைவிட்டுப் போனாயே’ எண்டு கிடக்கு.”

“ஓம் ஐயா.”

“பிள்ளை, அவவுக்கு எண்பது. எனக்கு எண்பத்துநாலு. உது எந்த ஊர் இடைவழி?”

பின்னால் மெசின் பார்க்கிறவர் சிரித்ததை நான் கேட்டேன். என் முகம் சுட்டது.

“‘மணமாலை வாடுமுன்னே’ எண்டும் கிடக்கு. அது வாடி அறுபது வருஷம். என்ரை பேரை எடுத்துவிடு. இது நான் சொன்னதில்லை.”

“அப்ப என்ன எழுதவேணும் எண்டு சொல்லுங்கோ ஐயா, மாத்திவிடுறன்.”

“எனக்கு அது சொல்லத் தெரிஞ்சா நான் ஏன் உன்னட்டை வாறன்?”

அப்போது ஒரு ஓட்டோ வந்து நின்றது. மகன் இறங்கி ஓடிவந்தார். தகப்பனை விட்டுவிட்டு முதலில் சைக்கிளைத்தான் பார்த்தார்.

“அப்பா, உதிலையோ வந்தனீங்கள்? மழைத் தண்ணியுக்காலை? மூண்டு மைல்?”

“பின்னை, பறந்தோ வந்தனான்?”

“நாலு வருஷமா உந்தச் சைக்கிளைத் தொடேல்லை நீங்கள். என்ரை மகளின்ரை கலியாணத்துக்கு வாங்கோ எண்டு கெஞ்சினன். பிளைட்டிலை ஏற ஏலாது, பிறசர், தலைசுத்து எண்டு ஆயிரம் சாட்டுச் சொன்னியள். அம்மாதான் வர ஏலாது, படுக்கையிலை. நீங்கள் வந்திருக்கலாம், அம்மாவைப் பாக்க ஆளைப் போட்டுத் தந்திருப்பம். அம்மா போய் மூண்டு கிழமை. இப்ப எங்கையிருந்து வந்தது உந்தத் தைரியம்?”

அச்சகம் முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றது. பெரியவர் புறூஃபை மடித்துத் திரும்ப மடிக்குள் வைத்தார்.

மகன் என் பக்கம் திரும்பினார். “குறை நினையாதேங்கோ தங்கச்சி. ஊரிலை இவருக்கு என்ன பேர் தெரியுமோ? ‘சாவுக்குப் பயந்தவர்.’ செத்தவீட்டுக்கும் போறேல்லை, கோயிலுக்கும் போறேல்லை. ஒரு நாளைக்கு ரெண்டுதரம் பிறசர் பாத்து, நேரம் தவறாமல் மருந்துக் குளிசை போட்டு, எல்லாத்தையும் கொப்பியிலை எழுதுறவர். வயசு போனா மனிசர் இப்பிடித்தான். தங்கடை உடம்பு ஒண்டுதான் பெரிசு. பாட்டு அப்பிடியே போகட்டும், அடியுங்கோ.”

“அடிச்சா அண்டைக்கு நான் வீட்டிலை இருக்கமாட்டன்” என்றார் பெரியவர்.

மகன் சைக்கிளைப் பூட்டி, திறப்பைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தகப்பனை ஓட்டோவில் ஏற்றினார். சைக்கிளை ஓட்டோவின் பின்னால் கட்டினார்கள்.

மனைவியின் அந்தியேட்டியில் கணவன் இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஊர் எத்தனை வருடத்துக்குக் கதைக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அச்சடிக்கத் தொடங்குவதற்கு எங்களிடம் மூன்று நாள்தான் இருந்தது. முதலாளி அண்ணை சொன்னார்: “ஓடர் தந்தது மகன். மகன் சொல்லுறதைச் செய்.” நியாயம்தான். கணவர் புலம்பலையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தேவாரத்தைப் போடவும் வழி இருந்தது. அதுவும் நியாயம்தான். ஆனால் அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி என்னை இருக்க விடவில்லை. எந்த ஊர் இடைவழி? எண்பத்துநாலு வயதில் ஒரு மனிதர் தன் மனைவியிடம் என்ன சொல்வார்? எனக்குத் தெரியவில்லை. பாடப் புத்தகத்தில் முதுமையைப் பற்றி நிறையப் பாட்டுகள் படித்திருந்தேன். கூன், நரை, இருமல், தடி. சோதனையில் அவற்றுக்கு நல்ல புள்ளியும் எடுத்தேன். அவ்வளவும் வெளியில் நின்று பார்த்த முதுமை என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. அல்லது, நான் வெளியில் நின்று படித்திருக்கிறேன்.

அடுத்தநாள் பின்னேரம், படம் தெளிவில்லை, வேறு படம் வேண்டும் என்று ஒரு சாட்டோடு அந்த வீட்டுக்குப் போனேன். மகன் சாமான் வாங்கப் போயிருந்தார். பெரியவர் பின்வளவில் நின்றார். குசினி வாசல் தூணில் இருந்து கிணற்றடித் தூண் வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு தடித்த கயிறு கட்டியிருந்தது. அதை அவர் அவிழ்த்துக்கொண்டிருந்தார். கயிறு கைபட்டுக் கைபட்டு மினுங்கியது.

“அம்மா பிடிச்சு நடக்கக் கட்டினதோ ஐயா?”

“அவ நாலு வருஷமா எழும்பேல்லைப் பிள்ளை. பாரிசவாதம். இது எனக்கு.”

கிணற்றடிச் சீமெந்து நிலம் பச்சைப் பாசி. அவருடைய காலில் றப்பர் அடி வைத்த சப்பாத்து. கிணற்றடிக்குச் சப்பாத்துப் போடுகிற மனிதரை நான் முன்பு கண்டதில்லை. நான் பார்ப்பதை அவர் கண்டுவிட்டார்.

“ஊர் சிரிச்சது. சிரிக்கட்டும். காலமை ஒரு பொம்பிளை வந்து குளிப்பாட்டிப் போவா. மிச்ச நேரம் நான். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆளைப் புரட்டிப் படுக்க வைக்கவேணும். ஒரு பக்கமாக் கிடந்தா முதுகு புண்ணாப்போம். துணி அலம்ப நாளைக்கு மூண்டுதரம் இதாலை வரவேணும். நான் ஒருக்கா வழுக்கி விழுந்தன் எண்டு வை. இடுப்பு முறிஞ்சா முறிஞ்சதுதான். உள்ளை கிடக்கிறவவை ஆர் புரட்டுறது?”

அவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார். நான் கிணற்றுக் கட்டில் கை வைத்து நின்றேன். 

“அப்ப பிறசர் பாத்தது, குளிசை, ஒரு இடமும் போகாதது எல்லாம்…”

“அவவுக்கு ஒரு நாள் பிந்தி நான் போனாக் காணும் எண்டுதான் கேட்டனான். சாமியிட்டை வேறை ஒண்டும் கேக்கேல்லை. செத்தவீட்டிலை சனம், அவ குடுத்து வைச்சவ, பூவோடை பொட்டோடை போயிட்டா எண்டு சொல்லிச்சினம். ஒருத்தருக்கும் தெரியாது, அது நான் நாலு வருஷம் பாடுபட்டுச் செய்த வேலை எண்டு.”

“மகனிட்டைச் சொல்லியிருக்கலாமே ஐயா.”

“சொன்னா உடனை காசை அனுப்பி ஒரு நேர்சைக் கொண்டந்து வைப்பான். நல்ல பிள்ளை. ஆனா அவவுக்கு வேறை ஆள் தொட்டாக் கண்ணாலை தண்ணி ஓடும். காலமை அந்தப் பொம்பிளை வந்து போனாப்பிறகே அரைமணித்தியாலம் நான் கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கவேணும்.” கயிற்றுச் சுருளைக் கொழுவியில் மாட்டினார். “இனி உது என்னத்துக்கு. சைக்கிள் ஓடிப் பாத்தன். கால் மறக்கேல்லை.”

வேறு படம் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதலில் வெண்பாவில் எழுதப் பார்த்தேன். அது அவருக்கு இரவல் சட்டை போலக் கிடந்தது. விருத்தமும் சரிவரவில்லை. எழுதுவது என்னுடைய கெட்டித்தனத்தைக் காட்ட அல்ல என்று எனக்கு நானே சொல்லவேண்டியிருந்தது. ‘நான்’ என்று ஒரு சொல் எழுதுவேன். அந்த ‘நான்’ என்னுடையதாக இருக்கும், கிழித்துப் போடுவேன். கடைசியில் எழும்பி, எங்கள் வீட்டுக் குசினி வாசலில் இருந்து கிணற்றடி வரைக்கும், காற்றில் ஒரு கயிற்றைப் பிடித்ததாக எண்ணிக்கொண்டு நடந்து பார்த்தேன். ஒவ்வொரு அடியும் வைக்கும்போது, உள்ளே ஒருவர் கிடக்கிறார், நான் விழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு. இருபது அடி தூரம். அங்கே போய்ச் சேர்ந்தபிறகும் என் விரல்கள் இல்லாத கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தன. நாளைக்கு மூன்றுதரம், நாலு வருடம். பயந்தவர் என்று ஊர் சொன்ன மனிதர்.

பிறகு ஒரே இருப்பில் வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு, “இது பாட்டு மாதிரி இல்லைப் பிள்ளை. ஆரோ பக்கத்திலை இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார். முன்பென்றால் கோபம் வந்திருக்கும்.

மறுநாள் காலை தாளோடு மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு மகனும் இருந்தார். “என்ன தங்கச்சி, இன்னும் அடிக்கத் தொடங்கேல்லையோ?” என்றார். “ஒருக்காக் கேளுங்கோ அண்ணை, பிறகு நீங்கள் சொல்லுற மாதிரிச் செய்யிறன்” என்று சொல்லிவிட்டு, பின் விறாந்தையில் நின்று வாசித்தேன்.

கிணற்றடிப் பாசியில் கயிற்றினைப் பற்றி
நாலு வருடம் விழாமல் நடந்தேன்.
குளிசையை ஒருநாள் மறந்ததும் இல்லை;
கூப்பிட்ட இடத்துக்குப் போனதும் இல்லை.
பயந்தவன் என்றார், பயந்ததும் உண்மை.
உனக்குமுன் போவேன் என்றுதான் பயந்தேன்.
புரட்டிட ஒருகை இல்லாமற் போனால்
புண்படும் உன்முது கென்றுதான் பயந்தேன்.
போய்விட்டாய் நீ, பயமும் போனது.
கயிற்றை அவிழ்த்துச் சுருட்டியும் வைத்தேன்.
இனிநான் விழலாம்; நிம்மதி யாயிரு.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “ஓம். இது நான் சொன்னது” என்றார். அவர் எனக்கு ஒரு வரிகூடத் தரவில்லை. ஆனால் அப்படித்தான் சொன்னார்.

மகன் எழும்பிப் பின்வளவுக்குப் போனார். விறாந்தையில் இருந்தே எனக்குத் தெரிந்தது. கிணற்றடித் தூணில் கயிறு கட்டியிருந்த இடத்தில் மரம் தேய்ந்து பள்ளமாக இருந்தது. அவர் அந்தப் பள்ளத்தை விரலால் தடவினார். பிறகு குசினித் தூணுக்கு வந்து அதையும் தடவினார். திரும்பி வர நேரமெடுத்தது. வந்தவர் தகப்பனின் முகத்தைப் பார்க்காமல் என்னிடம்தான் கதைத்தார்.

“எல்லாம் சரி தங்கச்சி. கடைசி வரி மட்டும் வேண்டாம். ‘இனி நான் விழலாம்’ எண்டு அச்சிலை வந்தா, பாக்க ஆளில்லாத மனிசன் எண்டெல்லோ சனம் நினைக்கும்.”

 வரி பெரியவருடையது, ஓடர் மகனுடையது.

“அதை எடுத்தா முழுதையும் எடு” என்றார் பெரியவர்.

“விழுந்தா என்னப்பா செய்யிறது?”

“எண்பத்துநாலிலை விழாமல் பின்னை எப்ப விழுறது? நாலு வருஷம் தவணை வாங்கினனான் தம்பி. இனியும் விடமாட்டியளோ?”

மகனுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறு ஒன்றாக மாறியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பைக்குள் கையை விட்டு, சைக்கிள் திறப்பை எடுத்துத் தகப்பனின் கதிரைக் கையில் வைத்தார்.

“அப்பிடியே அடியுங்கோ” என்றார்.

முப்பத்தோராம் நாள் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நானும் பந்தலில் ஓர் ஓரமாக இருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் கல்வெட்டை இராகத்தோடு படித்தார். மக்கள் புலம்பலை அவர் உருகிப் பாடினார். அது என் கணினியில் இருந்து வந்தது, எல்லா வீட்டுக்கும் போவது. சனம் தங்களுக்குள் கதைத்துக்கொண்டு வெற்றிலை போட்டது. கணவர் புலம்பல் தொடங்கியதும் மூன்றாம் வரியில் அவருடைய இராகம் நின்றுவிட்டது. மிச்சத்தைச் சாதாரணமாகவே வாசித்தார். வெற்றிலைத் தட்டு கைமாறாமல் நின்றது. எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான ஒருவர் தன் தடியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘சாவுக்குப் பயந்தவர்’ என்ற பெயரை அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய், பல்கலைக்கழகக் காலத்துப் புத்தகங்களை எடுத்து அந்தப் பழைய முதுமைப் பாட்டுகளைத் திரும்பப் படித்தேன். அதே வரிகள்தான். ஆனால் ஒவ்வொரு தடிக்குப் பின்னாலும் இப்போது ஓர் ஆள் தெரிந்தார். அவர் ஏன் இவ்வளவு கவனமாக அடி வைக்கிறார், யாருக்காக, என்று கேட்கத் தோன்றியது. அவற்றை எழுதியவர்களும் எங்கோ ஒரு கயிற்றைப் பிடித்து நடந்து பார்த்திருப்பார்கள். இருபத்தேழு வயதில் ஒருத்தி எண்பத்துநாலை எட்டிப் பார்க்க வேறு யன்னல் எனக்குத் தெரியாது. அந்த யன்னலை என் பெற்றோர் திறந்து பார்க்க வாய்ப்பில்லாமல் போனது. எனக்கு வாய்த்தது. அதை இதுவரை சோதனைப் புள்ளிக்குத்தான் பயன்படுத்தியிருக்கிறேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

அடுத்தநாள் லாச்சியைத் திறந்து நீலக் கோப்பை எடுத்தேன். நான் அழித்த எண்களின் தடம் தாளில் இன்னும் இருந்தது. வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் தெரியும். 62, 39, 77, 71. பக்க எண்கள் அல்ல. புலம்புகிறவரின் வயது. முப்பத்தொன்பது வயதுக் கணவரின் புலம்பலும் எழுபத்தேழு வயதுக் கணவரின் புலம்பலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தன. அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் போயிருக்கிறார். எனக்குப் போதவில்லை என்று நான் கட்டிப்போட்ட பாட்டுகள். ஒவ்வொன்றாக வாசித்து முடிக்கும்வரை நான் எழும்பவில்லை. எண்களைப் பென்சிலால் திரும்ப எழுதினேன். என்னுடைய வெற்றிடப் பாட்டுகளில் கணவர் புலம்பலையும் மனைவி புலம்பலையும் அன்றைக்கே அழித்துவிட்டேன்.

ஆகவே கணினியில் அவற்றைத் தேடாதீர்கள். ஆட்கள் அவசரப்படுத்துவார்கள், முதலாளி அண்ணையும் அவசரப்படுத்துவார். வெறும் தாளை எடுத்து மூலையில் முதலில் வயதை எழுதுங்கள். பிறகு அந்த வீட்டுக்குப் போங்கள். ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டாவது போங்கள்.

எண்பத்துநாலு என்று எழுதிய தாள் கோப்பில் இல்லை. அதை நான் வைக்கவில்லை. அது ஒருவருக்குத்தான் பொருந்தும். அவர் இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒருநாள் நித்திரையிலேயே போனார். கடைசிவரை விழவில்லை. அந்தக் கல்வெட்டும் எங்களிடம்தான் வந்தது. மகன் கனடாவில் இருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, முன்பக்கத்துக்கு ஒரு படம் அனுப்பினார். பட்டுவேட்டி, மாலை ஒன்றும் இல்லை. நெல்லியடிச் சந்தியில் யாரோ எடுத்தது. சைக்கிளில் ஒரு கையை விட்டுவிட்டு, யாருக்கோ கை காட்டிக்கொண்டு போகிறார்.